நீண்ட வாலுள்ள இணைப்புகள்: ஆவணத்தின் நடுவே இருக்கும் ஒரு வரியை எப்படிச் சுட்டுவது?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களின் வாட்ஸ்அப் புலனக் குழுக்களில் ஒரு வகை இணைப்பு இப்போது அடிக்கடி வருகிறது. தொடக்கத்தில் பழகிய அகப்பக்க முகவரி இருக்கும். அதன் பின் # குறி, முக்காற்புள்ளி, அலைக்கோடு, மீண்டும் ஒரு முக்காற்புள்ளி. அதற்கும் பிறகு சதவீதக் குறிகளும் எண்களும் ஆங்கில எழுத்துகளும் கலந்த சரம் ஒன்று நான்கைந்து வரிக்கு நீளும். இணைய மோசடி பற்றி நாள்தோறும் எச்சரிக்கை கேட்கும் மக்கள் இதைக் கண்டதும் அஞ்சுகிறார்கள். திறக்காமலே அழித்துவிடுகிறவர்கள் பலர்.

அதே குழுக்களில் வேறொரு குழப்பமும் உண்டு. சம்பளம், வேலை நேரம், குடியிருப்பு பற்றிய சட்ட ஆவணத்தைப் பிடிஎஃப் கோப்பாக அனுப்பிவிட்டு, "43ஆம் பக்கம் பாருங்கள்" என்று ஒருவர் எழுதுவார். பார்ப்பவரின் திறன்பேசியில் 43ஆம் பக்கத்தில் வேறேதோ இருக்கும். தேடிச் சலித்து மூடிவிடுவார்.

இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். ஓர் ஆவணத்தைச் சுட்டுவது எளிது. அதற்குள் இருக்கும் ஓர் இடத்தைச் சுட்டுவது கடினம். இது கணினி ஆர்வலர்களின் கவலை மட்டும் அன்று. தோட்ட நிர்வாகத்திடமோ தொழிலாளர் இலாகாவிலோ போய் "சட்டத்தில் இருக்கிறது" என்று சொல்பவரின் பேச்சு எடுபடாது. அந்த வரியைத் திறந்து காட்டுபவரின் பேச்சு எடுபடும்.

அடிப்படை: இடத்தைச் சொல்ல மூன்று வழிகள்

உலாவியில் நட்சத்திரக் குறியை அழுத்திச் சேமிக்கும் புத்தகக்குறி, பக்கத்தின் முகவரியை மட்டுமே நினைவில் வைக்கிறது. பக்கம் நூறு பத்தி நீளமாக இருந்தால், எந்தப் பத்திக்காகச் சேமித்தோம் என்பது அதற்குத் தெரியாது. பத்தி வரைக்கும் போக வேண்டுமானால், பத்தியை அடையாளம் காண ஒரு முறை வேண்டும்.

செம்பனைத் தோட்டத்தில் ஒரு மரத்தைச் சொல்வதற்கு மூன்று வழிகள் உண்டு. பிளாக் எண்ணைச் சொல்லலாம். சாலையிலிருந்து எத்தனையாவது நிரை, அதில் எத்தனையாவது மரம் என்று எண்ணிச் சொல்லலாம். முனியாண்டி கோயிலுக்குப் பின்னால், வாய்க்கால் ஓரம் சாய்ந்து நிற்கும் மரம் என்றும் சொல்லலாம். ஆவணங்களுக்காக எழுதப்பட்ட மென்பொருள்கள் அனைத்தும் இந்த மூன்றில் ஒன்றையோ இவற்றின் கலவையையோதான் பயன்படுத்துகின்றன.

1. பெயர். ஆவணத்தை உருவாக்கியவரே ஓர் இடத்துக்குப் பெயர் சூட்டிவைப்பது. மேலே எத்தனை பத்தி சேர்ந்தாலும் பெயர் இருக்கும்வரை வழி தவறாது. ஆனால் அவர் பெயரிடாத இடத்துக்குப் போக வழியில்லை.

2. எண்ணிக்கை. பக்கம் 43, வரி 12, எழுத்து 5,210 என்று எண்ணிச் சொல்வது. ஆவணம் மாறாதவரை துல்லியம். நடுவே ஒரு வரி நுழைந்தால் அதற்குப் பின்னால் இருக்கும் எல்லாக் குறிகளும் நகர்ந்துவிடும்.

3. அடையாளம். அந்த இடத்தில் இருக்கும் சொற்களையே எடுத்துச் சொல்வது. முன்னும் பின்னும் இருக்கும் சில சொற்களையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் உறுதி. யாருடைய அனுமதியும் தேவையில்லை. அந்தச் சொற்களே திருத்தப்பட்டால் மட்டும் குறி தொலையும்.

# குறியின் வேலை

இணைய முகவரியில் # குறிக்குப் பின் வருவதைத் துண்டு அடையாளம் என்று சொல்லலாம். டிம் பெர்னர்ஸ்-லீ வலையை வடிவமைத்த காலத்திலிருந்தே இது இருக்கிறது. பக்கத்தை எழுதுபவர் ஒரு தலைப்புக்கு உள்பெயர் வைத்திருப்பார். # குறிக்குப் பின் அந்தப் பெயரை எழுதினால் உலாவி நேரே அங்கே போய் நிற்கும். விக்கிப்பீடியாவில் பொருளடக்கத்தைத் தொட்டதும் உரிய பகுதிக்குத் தாவுவது இப்படித்தான். மேலே சொன்ன முதல் வழி இது.

இதில் அதிகம் அறியப்படாத ஓர் உண்மை உண்டு. # குறிக்குப் பின் இருப்பது, பக்கத்தை நமக்கு அனுப்பும் தளத்தின் கணினியான சேவையகத்துக்கு அனுப்பப்படுவதே இல்லை. பக்கம் முழுவதையும் வாங்கிக்கொண்டு, எந்த இடத்தில் நிற்பது என்பதை நம் கையில் இருக்கும் உலாவிதான் முடிவு செய்கிறது. மோசடி பற்றிய அச்சத்துக்கான விடையின் பாதி இதில் இருக்கிறது.

அந்த நீண்ட வால்

பெரும்பாலான பக்கங்களில் பத்திக்குப் பத்தி பெயர் இருப்பதில்லை. ஆகவே மூன்றாவது வழியை உலாவிகள் ஏற்றுக்கொண்டன. இதற்கு உரைத் துண்டு என்று பெயர். கூகுள் முன்வைத்த இந்த முறை, 2020 பிப்ரவரியில் குரோம் 80ஆம் பதிப்பில் வந்தது. சஃபாரி 2022இல் 16.1ஆம் பதிப்பிலும், ஃபயர்ஃபாக்ஸ் 2024 அக்டோபரில் 131ஆம் பதிப்பிலும் ஏற்றன. கூகுள் தேடலில் ஒரு விடையைத் தொட்டவுடன் பக்கத்தின் நடுவே வண்ணம் பூசிய வாக்கியத்தில் போய் நிற்கிறோமே, அதைச் செய்வது இதுதான்.

குரோமில் ஒரு வாக்கியத்தைத் தேர்ந்தெடுத்தால், கணினியில் வலப்பொத்தான் பட்டியலிலும், ஆண்ட்ராய்டு திறன்பேசியில் பகிர்வுப் பட்டியலிலும் அந்த வாக்கியத்துக்கான இணைப்பை நகலெடுக்கும் கட்டளை கிடைக்கும். அதை அழுத்தினால் உலாவி அந்தச் சொற்களை முகவரியின் முடிவில் ஒட்டிவைக்கிறது. வாக்கியம் நீளமானால் முதல் சில சொற்களும் கடைசிச் சில சொற்களும் போதும். அதே சொற்கள் பக்கத்தில் இரண்டு இடங்களில் இருந்தால், முன்னால் வரும் சொல்லையோ பின்னால் வரும் சொல்லையோ துணைக்கு எடுத்துக்கொள்ளும்.

வால் ஏன் தமிழில் இவ்வளவு நீளம்? இணைய முகவரி ஆங்கில எழுத்துகளையும் எண்களையும் சில குறிகளையும் மட்டுமே நேராக ஏற்கும். மற்ற எழுத்துகளைச் சதவீதக் குறியிட்டு மாற்றி எழுத வேண்டும். எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யூனிகோட் முறையில், தமிழின் ஒவ்வொரு குறியீடும் கணினிக்குள் மூன்று பைட் இடம் எடுக்கும். ஒவ்வொரு பைட்டும் முகவரியில் மூன்று குறிகளாக விரியும். "தோட்டம்" என்று கண்ணுக்கு நான்கு எழுத்தாகத் தெரியும் சொல்லில், துணைக்குறியும் புள்ளிகளும் சேர்ந்து ஏழு குறியீடுகள் இருக்கின்றன. அந்த ஒரு சொல் முகவரியில் 63 குறிகளாகிவிடும். ஆறேழு சொல் கொண்ட வாக்கியம் திரையை நிரப்புவதில் வியப்பில்லை. ஆங்கில வாக்கியத்துக்கு இதே முறையில் வரும் இணைப்பைக் கண்டு யாரும் அஞ்சுவதில்லை, ஏனென்றால் அதைப் படிக்க முடிகிறது. தமிழ் வாக்கியத்துக்கு இணைப்பு அனுப்பியவர் மட்டும் மோசடிக்காரரைப் போலத் தோன்றுகிறார். அவர் செய்தது மற்றவர்களின் நேரத்தை மிச்சப்படுத்தும் நல்ல செயல்.

அப்படியானால் எதைப் பார்த்து நம்புவது?

1. முகவரியின் தொடக்கத்தைப் பாருங்கள். இரட்டைச் சாய்கோட்டுக்கும் அடுத்து வரும் முதல் சாய்கோட்டுக்கும் இடையே இருப்பதுதான் தளத்தின் பெயர். அது நீங்கள் அறிந்த தளமாக இருந்தால், # குறிக்குப் பின்னால் வரும் வால் உங்களை வேறு தளத்துக்கு இழுத்துச் செல்லாது.

2. தொடக்கம் அறியாத பெயராகவோ, அறிந்த பெயரைப் போல ஓரெழுத்து மாற்றி எழுதியதாகவோ இருந்தால் திறக்க வேண்டாம். வால் இருப்பதும் இல்லாததும் அங்கே பொருட்டே அல்ல. போலித் தளமும் வால் வைத்துக்கொள்ளலாம்.

3. வண்ணம் பூசியிருப்பது அந்தத் தளம் வலியுறுத்தும் வாக்கியம் என்று எண்ணாதீர்கள். எதற்கு வண்ணம் பூசுவது என்பதை இணைப்பை உருவாக்கியவர் தேர்ந்தெடுத்தார்.

மூன்றாவது எச்சரிக்கைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் ஆனதை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேருக்கும் மேற்பட்டோ ஐந்து பேரோ வேலை செய்யும் இடங்களுக்கு அது 2025 பிப்ரவரி 1ஆம் நாளும், ஐந்துக்குக் குறைவானவர்கள் வேலை செய்யும் இடங்களுக்கு 2025 ஆகஸ்டு 1ஆம் நாளும் நடப்புக்கு வந்தது. முதல் நாளை மட்டும் வண்ணம் பூசி அனுப்பினால், சிறு கடையில் மூன்று பேரில் ஒருவராக வேலை செய்த பிள்ளை, பிப்ரவரி முதலே தனக்கும் அந்தச் சம்பளம் சேர வேண்டும் என்று நம்பிப் போய் நிற்பார். வாக்கியம் பொய்யில்லை, அடுத்த வாக்கியம் விடுபட்டது. சட்டம் தொடர்பான எதையும் அனுப்பும்போது விதியோடு விலக்கையும் சேர்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

இந்த முறைக்கு ஒரு பெரிய குறையும் உண்டு. சொற்கள் பக்கத்தில் கிடைக்கவில்லையென்றால் உலாவி எதுவும் சொல்லாது. பக்கத்தின் மேல்பகுதியைக் காட்டிவிட்டுச் சும்மா இருக்கும். வாக்கியம் நீக்கப்பட்டதா, திருத்தப்பட்டதா, இல்லை பெறுபவர் பழைய உலாவியில் திறந்தாரா என்று அவருக்குத் தெரிய வழியில்லை. ஆகவே இணைப்போடு அந்த வாக்கியத்தையும் செய்தியில் ஒட்டி அனுப்புவது நல்லது.

தமிழுக்கென்றே வரும் சிக்கல்கள்

அடையாள வழி சொற்களை நம்பியிருக்கிறது. தமிழில் ஒரே சொல் பல வடிவில் எழுதப்படுகிறது என்பதால் இங்கே கூடுதல் கவனம் தேவை.

முதலாவது, சேர்த்தெழுதுவதும் பிரித்தெழுதுவதும். ஒரு தளத்தின் ஆசிரியர் "வீட்டு வசதி" என்பதை ஒருநாள் "வீட்டுவசதி" என்று திருத்துகிறார். படிப்பவருக்கு மாற்றமே தெரியாது. உரைத் துண்டுக்கு அது வேறு சொல். ஒற்று மிகுந்தாலும் குறைந்தாலும் இதே கதிதான். மேலும், உரைத் துண்டு முழுச் சொல்லை மட்டுமே பிடிக்கும். "தோட்டத்தில்" என்ற சொல்லின் பாதியிலிருந்து தொடங்கும் தேர்வை அது ஏற்காது. வேற்றுமை உருபு ஒட்டும் மொழிக்கு இது இறுக்கமான விதி. சொல்லின் தொடக்கத்திலிருந்து முடிவுவரை தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதை நினைவில் கொண்டால் போதும்.

இரண்டாவது, கண்ணுக்கு ஒன்றாகவும் கணினிக்கு வேறாகவும் இருக்கும் எழுத்துகள். "ஔ" என்ற உயிரெழுத்துக்குப் பதிலாக ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து அடிப்பவர்கள் ஏராளம். ஔவையார் என்று தேடினால் அந்தப் பக்கங்கள் அகப்படாது. கொம்பும் காலும் சேர்ந்த ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். இரண்டையும் சமமாகக் கொள்ள யூனிகோட் விதி வகுத்திருக்கிறது. எல்லா மென்பொருளும் அதைப் பின்பற்றுவதில்லை.

மூன்றாவதுதான் ஆகப் பெரியது: பழைய எழுத்துருக்கள். கணினியில் தமிழ் எழுதுவதில் மலேசியாவுக்குச் சொந்தமான பெருமை உண்டு. முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருள் இங்கிருந்துதான் உலகத் தமிழர்களின் கணினிகளுக்குப் போனது. ஆயினும் யூனிகோட் பரவுவதற்கு முன், தமிழ் எழுத்துருக்கள் பலவும் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தன. அந்தக் காலத்தில் உருவான மலர்கள், ஆண்டறிக்கைகள், கோயில் விழா இதழ்கள் பிடிஎஃப் ஆகும்போது, திரையில் அழகான தமிழும் உள்ளே பொருளற்ற ஆங்கில எழுத்துகளுமாக இருக்கின்றன. ஒரு வரியை நகலெடுத்து ஒட்டிப் பாருங்கள், உடனே தெரிந்துவிடும். அப்படிப்பட்ட கோப்பில் தேடவும் முடியாது, சொற்களைக் கொண்டு இடம் குறிக்கவும் முடியாது. யூனிகோட் எழுத்துருவில் செய்த பிடிஎஃப்களிலும் சிலவற்றில் ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் மெய்க்கு முன்னால் வரிசை மாறிப் பதிந்திருக்கும். தாளைப் படமெடுத்துச் செய்த பிடிஎஃப்பில் எழுத்தே கிடையாது, வெறும் படம்தான். டெசராக்ட் போன்ற எழுத்துணரி மென்பொருள்கள் தமிழைப் படிக்கும். கூகுள் டிரைவில் ஏற்றி கூகுள் டாக்ஸாகத் திறந்தாலும் எழுத்தாக மாறும். பிழை திருத்தும் வேலை மிச்சம் இருக்கும், என்றாலும் செய்யத் தகுந்த வேலை அது.

பிடிஎஃப்: குறி எங்கே தங்குகிறது?

பிடிஎஃப்பில் புத்தகக்குறி என்ற ஒரே பெயர் இரண்டு பொருள்களைக் குறிக்கிறது. ஆவணத்தின் இடப்பக்கம் பொருளடக்கம்போல் விரியும் பட்டியல் ஒன்று; அது ஆவணத்தை உருவாக்கியவர் கோப்புக்குள்ளேயே வைத்தது. படிப்பவர் "இங்கே நிறுத்தினேன்" என்று வைத்துக்கொள்ளும் குறி மற்றொன்று. இலவச அடோபி ரீடரில் முதல் வகைப் பட்டியலில் புதிதாக எதையும் சேர்க்க முடியாது. வண்ணம் பூசலாம், குறிப்பு எழுதலாம். அதனால் தேடிப் பார்த்து "இதில் அந்த வசதி இல்லை" என்று பலர் விட்டுவிடுகிறார்கள்.

குறி எங்கே சேமிக்கப்படுகிறது என்ற கேள்விதான் இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

1. கோப்புக்குள். வண்ணக்கோடும் குறிப்பும் கோப்போடு சேர்ந்து பயணம் செய்யும். புலனத்தில் அனுப்பினால் பெறுபவரும் பார்ப்பார். நன்மையும் ஆபத்தும் அதுவே. நிர்வாகத்தைப் பற்றி உங்களுக்கென்று எழுதிய குறிப்பு, கோப்பை அனுப்பும்போது நிர்வாகத்துக்கே போய்ச் சேரலாம்.

2. செயலிக்குள். சுமத்ரா பிடிஎஃப், ஆக்குலர் போன்றவை குறிகளைக் கோப்பில் எழுதாமல் உங்கள் கணினியில் தனியே வைக்கின்றன. கோப்பு தூய்மையாக இருக்கும். கணினி பழுதானாலோ, கோப்பை வேறு கருவியில் திறந்தாலோ குறி இராது. ஒரே திறன்பேசியை அண்ணன், தங்கை, பாட்டி என்று மூவர் பயன்படுத்தும் வீட்டில், செயலியை யாரோ நீக்கினால் எல்லாருடைய குறிகளும் போய்விடும்.

3. முகவரிக்குள். பிடிஎஃப் இணையத்தில் இருந்தால், அதன் முகவரி முடிவில் # குறியிட்டு, ஆங்கிலத்தில் பேஜ் என்ற சொல்லையும் சமக்குறியையும் பக்க எண்ணையும் எழுதினால், குரோம், ஃபயர்ஃபாக்ஸ் போன்ற கணினி உலாவிகள் நேரே அந்தப் பக்கத்தைத் திறக்கும். திறன்பேசியில் இதை நம்ப முடியாது. கோப்பு பதிவிறங்கி வேறு செயலியில் திறக்கும்போது வால் அறுந்துவிடுகிறது.

"43ஆம் பக்கம்" குழப்பத்துக்கும் விடை இங்கேயே கிடைக்கிறது. அட்டை, முன்னுரை, பொருளடக்கம் முடிந்த பிறகுதான் அச்சிட்ட எண் 1 தொடங்கும்; செயலி அட்டையையே 1 என்று எண்ணும். இரண்டுக்கும் பத்துப் பக்கம் வேறுபாடு வருவது இயல்பு. சட்டம் மறுபதிப்பானாலோ எல்லா எண்களுமே மாறிவிடும். பக்க எண்ணைச் சொல்லித்தான் ஆக வேண்டுமென்றால், "தாளில் அச்சான எண்" அல்லது "செயலி காட்டும் எண்" என்று தெளிவாக எழுதுங்கள்.

மின்னூல்களில் நிலைமை இன்னும் தளர்வு. எழுத்தின் அளவைப் பெரிதாக்கினால் பக்கங்களின் எண்ணிக்கையே கூடிவிடும். கண் மங்கிய தாத்தாவின் 80ஆம் பக்கம் பேரனுக்கு 35ஆம் பக்கமாக இருக்கும்.

வேர்டு, கூகுள் டாக்ஸ்

நாமே எழுதும் ஆவணங்களில் வேலை எளிது. வேர்டில் செருகு பட்டியலில் புத்தகக்குறி இருக்கிறது. பெயர் எழுத்தில் தொடங்க வேண்டும், இடைவெளி கூடாது, 40 குறிகளுக்கு மேல் போகக் கூடாது. ஷிப்ட் பொத்தானோடு எஃப்5 அழுத்தினால் கடைசியாகத் திருத்திய இடத்துக்குத் திரும்பலாம்; நீண்ட கூட்டறிக்கை எழுதும் செயலாளர்களுக்கு இந்த ஒன்றே பெரிய உதவி. கூகுள் டாக்ஸில் புத்தகக்குறியோ தலைப்போ வைத்தால் அதற்கென்று தனி இணைப்பு கிடைக்கும். அதைப் புலனத்தில் அனுப்பலாம். சொற்களைத் திருத்தினாலும் குறி அதே இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

பிறர் வீட்டில் வைத்த குறிகள்

படித்ததைச் சேமிக்க உதவும் சேவைகள் பல வந்து போயின. கூகுள் தன் புத்தகக்குறிச் சேவையை 2021 செப்டம்பரில் மூடியது. மொசில்லா நடத்திய பாக்கெட் 2025 ஜூலை 8ஆம் நாள் நின்றது. ஆண்டுக்கணக்கில் சேர்த்தவர்கள், கெடுவுக்குள் தங்கள் பட்டியலைப் பதிவிறக்கிக்கொள்ள ஓட வேண்டியதாயிற்று. சேமித்தவை போய்விட்டன என்று பலர் அப்போது குழம்பினார்கள். மூலக் கட்டுரைகள் அவற்றின் தளங்களில் அப்படியேதான் இருந்தன. மூடப்பட்டது அவற்றுக்கான வழிகளின் பட்டியல்.

மூலமே மறைவதும் நடக்கிறது. 2013இல் இணையத்தில் இருந்த பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டுக்குப் பிறகு கிடைக்கவில்லை என்று அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. முக்கியமான பக்கத்தை இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் ஒரு படியாகச் சேமித்துவிட்டு, அந்தப் படியின் முகவரியையும் சேர்த்துக் குறித்துக்கொள்வது இதற்கு நல்ல காப்பு.

குறிகளை எந்த நிறுவனத்துக்கும் கட்டுப்படாத பொது வடிவில் எழுத, வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி என்ற வலைக் கூட்டமைப்பு 2017 பிப்ரவரியில் ஒரு தரத்தை வெளியிட்டது. சுட்டும் சொற்கள், முன்சொற்கள், பின்சொற்கள், எண்ணிக்கை நிலை ஆகியவற்றைச் சேர்த்தே பதிய அது வழி செய்கிறது. ஹைப்போதிசிஸ் என்ற குறிப்புக் கருவி இவ்வாறுதான் இயங்குகிறது. ஒரு வழி தவறினால் மற்றொன்றைக் கொண்டு தேடுகிறது. எதுவும் பலிக்கவில்லையென்றால் அந்தக் குறிப்பை இடம் இழந்தது என்று தனியே காட்டுகிறது. உலாவிகளும் இப்படி வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது என் விருப்பம்.

மூன்று மொழிகளுக்கும் பொதுவானது எண்

இங்கே நமக்கே உரிய ஒரு நிலை இருக்கிறது. சட்டத்தின் மூலப் பிரதி மலாயிலும் ஆங்கிலத்திலும் உள்ளது. விளக்கத்தை நாம் தமிழில் படிக்கிறோம். சொற்களைக் கொண்டு வைக்கும் குறி மொழி எல்லையைத் தாண்டாது. தமிழ் வாக்கியத்துக்கு அனுப்பிய இணைப்பு, அதிகாரியின் மேசையில் இருக்கும் மலாய்ப் பிரதியில் எந்த இடத்தையும் காட்டாது. மூன்றிலும் மாறாமல் இருப்பது பிரிவு எண் ஒன்றே.

சட்டம் வரைபவர்கள் இதைக் கணினிக்கு முன்பே தீர்த்துவிட்டார்கள். 1955ஆம் ஆண்டு வேலை வாய்ப்புச் சட்டத்தின் 60ஏ பிரிவு வேலை நேரத்தைப் பற்றியது. வாரத்துக்கு 48 மணி என்பது 2023 ஜனவரி 1 முதல் 45 மணியானது. உள்ளடக்கம் மாறியும் பிரிவு எண் மாறவில்லை. அதே திருத்தத்தில் மணமான ஆண் ஊழியருக்குப் பிள்ளை பிறக்கும்போது 7 நாள் விடுப்பு வந்தது. அதை 60எஃப்ஏ என்று எண்ணிட்டு இடையில் செருகினார்கள். பின்னால் இருக்கும் எண்களை நகர்த்தவில்லை. நகர்த்தியிருந்தால் பழைய தீர்ப்புகளும் ஒப்பந்தங்களும் சுட்டும் எண்கள் அனைத்தும் தவறான இடத்தைக் காட்டும்.

தோட்டக் குடியிருப்புகளுக்கான 1990ஆம் ஆண்டுச் சட்டம் இன்னொரு சான்று. வீட்டு வசதியின் குறைந்தபட்சத் தரத்தைச் சொல்லும் அந்தச் சட்டத்தின் பெயரையே 2019ஆம் ஆண்டுத் திருத்தம் மாற்றியது. பழைய பெயரைத் தட்டித் தேடினால் பழைய பதிப்பு கையில் கிடைத்து ஏமாற்றக்கூடும். சட்டம் 446 என்ற எண் மட்டும் அப்படியே நிற்கிறது.

தமிழருக்கு இது புதிதும் அன்று. திருக்குறளின் ஒரு குறளை எண்ணைச் சொன்னாலே சுங்கை சிப்புட்டிலும் மதுரையிலும் ஒரே குறளை எடுக்கிறார்கள். ஆனால் அங்கும் ஒரு நுணுக்கம் உண்டு. நாம் வழங்கும் எண் பரிமேலழகர் உரையின் வரிசையைத் தழுவியது. மணக்குடவர் உரையில் வரிசை வேறுபடும். எண்ணைச் சொல்லும்போது எந்தப் பதிப்பின் எண் என்பதும் அதில் அடங்கியிருக்கிறது. சட்டத்துக்கும் அதே விதிதான்: எந்த நாள் வரையிலான திருத்தங்கள் சேர்ந்த பிரதி என்பதைக் குறிக்காத பிரிவு எண் அரைகுறை முகவரி.

எண்ணிட்டுவைத்தால் என்ன பயன் என்பதற்குச் சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் நாளிதழ்க் காப்பகம் சிறந்த எடுத்துக்காட்டு. பழைய நாளிதழ்களின் ஒவ்வொரு கட்டுரைக்கும் அங்கே தனி முகவரி உண்டு; முகவரியிலேயே இதழின் பெயரும் நாளும் கட்டுரை எண்ணும் இருக்கும். 1948 ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட்டில் தோட்டத் துரைமார்கள் கொல்லப்பட்டதும், அதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டதும் பற்றி எழுதும் மாணவர், அன்றைய செய்தியை அந்தச் செய்தியளவுக்கே சுட்ட முடியும். 1924 முதல் 2019 வரை மலேசியாவில் வெளிவந்த தமிழ் நேசன் நாளிதழைக் கட்டுரை கட்டுரையாக இதேபோலச் சுட்ட வழி இருந்தால், தோட்ட மக்களின் வரலாற்றை எழுதுவோருக்கு அது எவ்வளவு பெரிய கொடை!

செய்யக்கூடியவை

படிப்பவருக்கு:

1. சட்டம், சுற்றறிக்கை என்றால் எண், பிரிவு, பிரதியின் நாள் ஆகிய மூன்றையும் எழுதுங்கள். பக்க எண் அதற்குப் பிறகுதான்.

2. வாக்கியத்தை நகலெடுத்து ஒட்டுங்கள். இணைப்பு செத்தாலும் அந்தச் சொற்களைக் கொண்டு தேடிக் கண்டுபிடிக்கலாம்.

3. உரைத் துண்டு இணைப்பை அனுப்பும்போது, எந்தத் தளம், எதைப் பற்றியது என்று ஒரு வரி தமிழில் முன்னால் எழுதுங்கள். அச்சம் தானாகக் குறையும்.

4. செயலியில் வைத்த குறிகளை அவ்வப்போது ஏற்றுமதி செய்து வேறோர் இடத்தில் வையுங்கள். ஏற்றுமதி வசதி இல்லாத செயலியில் முக்கியமானதைச் சேர்க்காதீர்கள்.

ஆவணம் தயாரிப்பவர்கள் செய்ய வேண்டியது இதைவிடச் சிறியது, பயன் பெரியது. தொழிற்சங்கக் கிளை, பள்ளி வாரியம், ஆலய நிர்வாகம், கூட்டுறவுக் கழகம் எதுவானாலும் ஆண்டறிக்கையை யூனிகோட் எழுத்தில் எழுதுங்கள். அச்சடித்த தாளைப் படமெடுத்து அனுப்பாமல் வேர்டிலிருந்தே நேராகப் பிடிஎஃப் ஆக்குங்கள். தலைப்புகளைத் தடித்த எழுத்தால் மட்டும் காட்டாமல் வேர்டின் தலைப்புப் பாணியில் அமைத்து, பிடிஎஃப் ஆக்கும்போது தலைப்புகளிலிருந்து புத்தகக்குறிகளை உருவாக்கும் தெரிவை இயக்கிவிட்டால், இடப்பக்கப் பட்டியல் தானே உருவாகும். பத்திகளுக்கு 1, 2, 3 என்று எண்ணிடுங்கள். திருத்திய அறிக்கையை வெளியிடும்போது புதுப் பத்தியை 14அ என்று செருகுங்கள். 15ஐ 16 ஆக்காதீர்கள். அடுத்த பொதுக்கூட்டத்தில் கணக்கைப் பற்றி எழுந்து கேட்கும் உறுப்பினர் பத்தி எண்ணைச் சொல்வார். மண்டபத்தில் இருக்கும் எல்லாரும் அதே வரியைத் திறந்திருப்பார்கள்.